அடுப்பில் முதல் தண்ணீர்

தொப்பூர்
10-8-1986

பரிதாவுக்கு தாவூது எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் பொய் மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் சரியில்லை.

நீ ஏரியூருக்கு உன் அப்பா வீட்டுக்குப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். மாமா வந்து உன்னை அழைத்துப் போகும்போது பத்து நாளில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். உடம்பு தேற இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருக்கிறேன். வருகிற சனிக்கிழமை பக்ரீத். அதற்குள் நீ வந்துவிட்டால் நன்றாக இருக்கும். மாமாவுக்குத் தையல் வேலை அதிகம் என்றால் ஒரு வரி எழுது, கடையை அடைத்துவிட்டு நானே வருகிறேன்.

கடை பரவாயில்லை. போன வாரம் கணவாய் வளைவில் ஒரு லாரி குடை சாய்ந்து, பெங்களூர் ரோட்டில் நாலு மணி நேரம் ஒரு வண்டியும் நகரவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் நம் பெஞ்சில்தான். பாலுக்கு மூன்று தடவை ஓடினேன். டிரைவருக்குக் கை முறிந்ததோடு போயிற்று, அல்லா காப்பாற்றினான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் அக்கா தன் வேலியோரத்துச் செம்பருத்தியை வெட்டிவிட்டார். கையில் அரிவாளோடு நின்றார். ஏன் அக்கா என்று கேட்டேன். தரையோடு வெட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். இப்போது அவர் பிள்ளையாருக்கு அரளிப் பூதான். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நீ எப்போது வருவாய் என்று அம்மா கேட்பதில்லை. ஆனால் உன் துணி காயப்போடும் கொடியில் வேறு துணி போடுவதும் இல்லை.

தாவூது


ஏரியூர்
18-8-1986

தொப்பூர் கணவாய் டீக்கடை முதலாளிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. பக்ரீதுக்கு நான் வரவில்லை. அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பெரியம்மாள் அக்கா எதற்காகச் செடியை வெட்டினார் என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா? எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. என் வயிற்றில் மூன்று மாதம் இருந்த குழந்தை அந்தப் பூவால்தான் போனது என்று என் மாமி, உங்கள் அம்மா, ஊருக்கெல்லாம் சொன்னார்கள். தன் வேலிப் பூ ஒரு உயிரைக் கொண்டுபோய்விட்டது என்று நினைத்து அந்த அக்கா வெட்டியிருப்பார். பாவம்.

நடந்ததை ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். நேரில் பேச வந்தால் நீங்கள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். கடிதத்தில் திரும்ப முடியாது.

வைகாசியில் எனக்குப் பால் கொதிக்கிற வாசம் பட்டாலே குமட்டியது. டீக்கடைக்காரர் வீட்டில் பால் வாசம் இல்லாத நேரம் எது? பச்சைத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. அப்போது இன்னாசி என்கிற லாரி டிரைவர் தன் வீட்டில் செம்பருத்திப் பூவில் டீ போட்டுக் குடிப்போம் என்று சொன்னதாக நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். பெரியம்மாள் அக்காவிடம் தினம் ஐந்து பூ கேட்டு வாங்கி வந்ததும் நீங்கள்தான். காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளிப் போட்டுவிட்டு இதழை மட்டும் சுடுதண்ணீரில் போட்டு மூடி வைப்பீர்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் அளவாகச் சேர்ப்பீர்கள். காலையில் பால் ஏறுவதற்கு முன்னால் அடுப்பில் வைக்கிற முதல் தண்ணீர் எனக்கு. உங்களுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கொடுத்தீர்கள், நான் குடித்தேன். எனக்கும் பிடித்துத்தான் குடித்தேன்.

குழந்தை போன நாலாம் நாள் என்னைப் பார்க்க நாலு பொம்பளைகள் வந்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து மாமி சொன்னது: "வாய் ருசிக்குப் பூவப் பறிச்சிப் பறிச்சிக் குடிச்சி, வூட்டுக்கு வந்த புள்ளயக் கரைச்சிட்டா." அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எட்டடி தள்ளி நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். ஆற்றுகிற சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. எனக்கு இன்னும் காதில் இருப்பது மாமி பேசினது இல்லை, அந்தச் சத்தம்தான்.

உடம்பு தேறிவிட்டது. உடம்புக்காக நான் இங்கே இருக்கவில்லை.

பரிதா


தொப்பூர்
27-8-1986

பரிதாவுக்கு,

உன் கடிதத்தைக் கடைக்குப் பின்னால் சாக்குப் படுதா கட்டிய இடத்தில் நின்று படித்தேன். காலையில் நீ உட்கார்ந்து குடிக்கிற இடம். இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

திங்கட்கிழமை தர்மபுரிக்குப் போனேன். உன்னைப் பார்த்த லேடி டாக்டரிடமே போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முழுக்க மாசமான பொம்பளைகள், நடுவில் நான் ஒரு ஆள். பக்கத்தில் இருந்த அம்மா, "உங்க வூட்டுக்காரம்மா எங்கீங்க?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "அப்பறம் நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றார். சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். எத்தனை பூ, எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பூவாலதான்னு நான் சொல்ல முடியாது. பாதிப் பேருக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு எங்களுக்கே தெரியறதில்லை. அடுத்த தடவை மாசமானா இந்த மாதிரி கைவைத்தியம் வேண்டாம், எங்களைக் கேளுங்க" என்றார்.

எனக்குப் பாதி பாரம் இறங்கியது. டாக்டரே பூவால் என்று சொல்லவில்லை. ஆகவே உன் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. நீ தாராளமாக வரலாம். அம்மாவிடம் டாக்டர் சொன்னதை மெல்ல எடுத்துச் சொல்கிறேன்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் பக்குவமாகச் செய்துவிட்டு, எலுமிச்சையும் பிழிந்துவிட்டு, கைப்பழக்கத்தில் ஒரு கரண்டி பாலையும் ஊற்றிவிட்டேன். பால் திரிந்து திப்பி திப்பியாக மிதந்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாய். திரும்பி வந்து, "டீக்கடைக்காரனக் கட்டுனா தண்ணியிலகூடப் பால ஊத்துவான்" என்று சிரித்தாய். அந்த மாதம் முழுக்க நீ சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காகத்தான் மறுநாளும் போட்டேன், அதற்கு மறுநாளும் போட்டேன். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை பரிதா.

தாவூது


ஏரியூர்
4-9-1986

உங்களுக்கு,

நீங்கள் டாக்டர் வீட்டு வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். மறைக்கவில்லை. கடையை விட்டு அசையாத ஆள் அவ்வளவு தூரம் போய்க் கேட்டது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆனால் நான் கேட்டது வேறு. பூவாலா இல்லையா என்று நான் கேட்கவில்லை. பூவால்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நல்லதுக்குச் செய்தீர்கள், அது எனக்குத் தெரியும். குழந்தை போனது இரண்டு பேருக்கும்தான் போனது. பழி வந்தபோது மட்டும் நான் ஏன் தனியாக நின்றேன்? அதற்கு டாக்டர் பதில் சொல்ல முடியாது.

இங்கே அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. ஒரு நாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "ஏம்மா, யாரையும் கேக்காமயா அதப் போயிக் குடிச்ச?" என்று கேட்டார். ஆமாப்பா என்றேன். மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். உங்கள் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை. என் அப்பா என்னைப் புத்தி இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேதான் எனக்குச் சோறு போடுகிறார்.

நேற்று பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டில் இருந்து நாலு பூ பறித்து வந்தேன். குடிக்க இல்லை, பார்க்க. நம் தொப்பூர் போர்வெல் தண்ணீரில் போட்டால் மை கரைத்த மாதிரி நீலமாக வரும், எலுமிச்சை விட்டதும்தான் சிவக்கும். இங்கே கிணற்றுத் தண்ணீரில் கத்தரிப்பூ நிறம் வருகிறது. எலுமிச்சை விடாமல் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலத்துக்குள் அழுக்குத் தண்ணீராகிவிட்டது. முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டேன்.

மாமியிடம் டாக்டர் சொன்னதைச் சொல்ல வேண்டாம். நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் நான் வருகிறேன். சொல்லாவிட்டால் வர மாட்டேன். இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

பரிதா


தொப்பூர்
15-9-1986

பரிதாவுக்கு,

சொல்லத்தான் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார். "அம்மா" என்றேன். "என்னடா" என்றார். "முட்டிக்குத் தைலம் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்படி மூன்று தடவை. இப்போது வீட்டில் மூன்று தைலப் பாட்டில் இருக்கிறது.

என் பயம் உனக்குப் புரியுமா என்று தெரியவில்லை. அப்பா இறந்த பிறகு இந்தக் கடையை அம்மாதான் நடத்தி என்னை ஆளாக்கினார். என் கையால்தான் பேரப்பிள்ளை போனது என்று அவர் நினைத்துவிட்டால், நான் ஆற்றிக் கொடுக்கிற டீயை எப்படிக் குடிப்பார்? இதை யோசித்தால் வாய் கட்டிப்போகிறது.

இன்னொன்றும் நடந்தது. எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியவே வராது. உன்னிடமாவது மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை இன்னாசி அண்ணன் வந்தார். சேலத்தில் இருந்து பெங்களூருக்குத் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார். பெஞ்சில் உட்கார்ந்ததும், "என்ன பாய், வூட்டுக்காரம்மாவுக்கு அந்தப் பூ டீ ஒத்துக்கிச்சுங்களா? வாந்தி நின்னுச்சா?" என்றார். அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தார். நான், "ஒத்துக்கிச்சுங்கண்ணே. அப்பா வூட்டுக்குப் போயிருக்கா. அஞ்சாம் மாசம்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, நாஞ் சொன்னனில்ல" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். போகும்போது வண்டியில் இருந்து கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அம்மா காதில் விழுந்ததா தெரியவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் நின்றது.

தாவூது


ஏரியூர்
20-9-1986

உங்களுக்கு,

ஐந்தாம் மாதம் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கணக்குப்படி தை மாதம் குழந்தை பிறக்கும். இன்னாசி அண்ணன் அந்த வழியாகத்தான் போய் வருகிறார், கட்டாயம் கேட்பார். ஆணா பெண்ணா, என்ன சொல்வீர்கள்? என்ன பெயர் சொல்வீர்கள்?

நான் மனதில் ஒரு பெயர் வைத்திருந்தேன். உங்களிடம் சொல்ல வேளை பார்த்துக்கொண்டு இருந்தேன். அதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

இனி சொன்ன பிறகு எழுதுங்கள். அதுவரை கடிதம் வேண்டாம்.

பரிதா


தொப்பூர்
12-10-1986

பரிதாவுக்கு,

சொல்லிவிட்டேன். முதலில் இதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை இன்னாசி அண்ணன் வந்தார். தீபாவளி நெருங்குவதால் லாரிக் கூட்டம், பெஞ்சில் இடம் இல்லை. நின்றுகொண்டே ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே கம்பளி ஸ்வெட்டர், என் உள்ளங்கை இரண்டு சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவுதான் இருந்தது. "பெங்களூரு மார்க்கெட்ல பாத்தனுங்க பாய். தை மாசக் குளிருக்கு ஆவும். ஆணோ பொண்ணோ, மஞ்சளுன்னா ரெண்டுக்கும் ஆவும்னு எடுத்தேன்" என்றார்.

என் கையில் டீ ஆற்றுகிற குவளை இருந்தது. கீழே வைத்தேன். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். பெரியம்மாள் அக்கா டீ வாங்கத் தூக்குப் போசியோடு நின்றிருந்தார். அம்மாவை வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பவில்லை பரிதா. எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னேன்.

"அண்ணே, கொழந்த இல்லீங்க. ஆனியிலயே போயிருச்சு. போன தடவ உங்ககிட்ட பொய் சொன்னேன். அந்தப் பூவக் கேட்டு வாங்குனது நானு, டீ போட்டது நானு, குடிக்கச் சொன்னது நானு. அவ நாங் குடுத்ததக் குடிச்சா, அவ்வளவுதான். பழிய அவ மேல வுட்டுட்டு இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் இறக்கவில்லை.

இன்னாசி அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தானே சொன்னேன், நாந்தானே சொன்னேன்" என்று அதையே சொன்னார். பெரியம்மாள் அக்கா, "பூவக் குடுத்தவ நானு. எங்கையால வெச்சு வளத்த செடிய வெட்டிப் போட்டுட்டு தெனமும் அந்த மொட்டையப் பாத்து அழுதுக்கிட்டு இருக்கறன். ஏன்டா தாவூது, அந்தப் புள்ள ஒருத்தி மேலயா இத்தனயும் வெச்ச?" என்றார். அவர் திட்டியது எனக்கு நன்றாக இருந்தது. டாக்டர் சொன்னதை அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் சொன்னேன். பழி உன் ஒருத்தி தலையில் இருந்தபோது யாரும் தொடவில்லை. இறக்கி வைத்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்க வந்தார்கள்.

அம்மா உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போனேன். சாக்குப் படுதாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும்டா. பால் வெக்கறதுக்கு முந்தி நீ அவளுக்குத் தண்ணி வெக்கறதத் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்கப்பா ஒரு நாளும் எனக்கு அப்பிடி வெச்சதில்லயேன்னு நெனச்சிக்குவேன். கொழந்த போனதும் யாரயாவது சொல்லணும்போல இருந்துச்சு. மவன் பேரச் சொல்ல வாய் வரல. மருமவ பேரு லேசா வந்துருச்சு."

நான் பயந்ததெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான். அம்மாவுக்கு முதலில் இருந்தே தெரியும். இரண்டு பேரும் தெரிந்துகொண்டே உன்னை மட்டும் அனுப்பி வைத்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்க எனக்கு வாய் உண்டா என்றால் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உடனே ஏன் எழுதவில்லை என்று நினைப்பாய். புதன்கிழமையில் இருந்து அம்மா கோலை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அன்றைக்கு உன்னைப் பார்க்க வந்த நாலு பொம்பளைகள் வீட்டுக்கும் ஒரு நாளைக்கு ஒரு வீடாகப் போய், "நான் சொன்னது பொய், எம் மருமவ மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். நேற்றுத்தான் நாலாவது வீடு முடிந்தது. அது முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

இப்போது ஏரியூருக்கு வருகிறேன் என்கிறார். மூன்று பஸ் மாற வேண்டும், முட்டி தாங்காது என்றேன். "நாலு பேர வெச்சிக்கிட்டுப் பேசும்போது முட்டி வலிச்சுதா?" என்று கேட்கிறார். என்ன செய்ய என்று நீ எழுது.

பெரியம்மாள் அக்கா வெட்டிய செடியின் மொட்டை துளிர்த்திருக்கிறது. இரண்டு விரல் உயரம் இருக்கும். ஆடு கடிக்காமல் சுற்றி முள் வைத்திருக்கிறார்.

தாவூது


ஏரியூர்
20-10-1986

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டார். மாமி சொன்னது வந்தபோது ஊசியை வைத்துவிட்டார். முடிந்ததும், "கடையில ஆறு பேரு இருக்கும்போதா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார். ஆமாப்பா என்றேன். "அப்ப நீ போலாம்" என்றார். பிறகு என் தலையில் கை வைத்தார். யாரையும் கேட்காமல் குடித்தவள் இல்லை என்று இப்போது அவருக்குத் தெரியும். அந்தக் கை எனக்கு இத்தனை நாள் இல்லாமல் இருந்தது. அதற்காக உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஒரே நாளில் போய்விடாது. அதையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறேன்.

மாமி இங்கே வர வேண்டாம். நாலு வீடு நடந்தது போதும். தைலம் மூன்று பாட்டில் இருக்கிறது அல்லவா, அதில் ஒன்றையாவது தேய்த்துவிடுங்கள். மாமி மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வயதில் தன் வாயால் சொன்னதைத் தானே போய்த் திருப்பி வாங்குவது லேசான காரியம் இல்லை. மீதியை நேரில் பேசிக்கொள்கிறோம்.

இன்னாசி அண்ணனிடம் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். என் டிரங்குப் பெட்டியில் அடியில் வையுங்கள். மஞ்சள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல நிறம்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி, பென்னாகரத்திலும் தர்மபுரியிலும் மாறி, பன்னிரண்டு மணிக்குள் தொப்பூரில் இறங்கிவிடுவோம். அப்பா கூட வருகிறார். பள்ளிக்கூடத்துப் பூவின் இதழ்களை அப்பா மெஷினுக்குப் பக்கத்தில் காகிதத்தில் காயவைத்து ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்திருக்கிறேன். பெரியம்மாள் அக்காவிடமும் ஒரு பிடி கொடுக்க வேண்டும்.

இனி நான் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் உட்கார மாட்டேன். ரோட்டைப் பார்த்த பெஞ்சில் உட்காருவேன். எனக்குத் தனியாக வைத்திருக்கிற ஸ்டீல் டம்ளர் வேண்டாம், எல்லாருக்கும் கொடுக்கிற கண்ணாடி கிளாஸ் போதும். நம் போர் தண்ணீரிலேயே போடுங்கள். நீலமாக இருக்கும்போதே கையில் கொடுங்கள். எலுமிச்சையை நானே பிழிந்துகொள்கிறேன். அது சிவக்கிறதைக் கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் குடித்து முடிக்கிறவரைக்கும் யார் கேட்டாலும் டீ ஆற்றாதீர்கள். அந்தச் சத்தம் இல்லாமல் ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும்.

பரிதா